முரசின்மேல் ஏழு பட்டாணி

முற்றுகைக்கு வயது இருபது.
எனக்கு இருபத்திரண்டு.
கந்தியா நகரில் நாங்கள் சேர்ந்தே வளர்ந்தோம்.

அண்ணன் மண்ணோடு போன சுரங்கத்தில்
அவன் வேலையை எனக்குத் தந்தார்கள்.
ஆண்கள் தீர்ந்துபோனார்கள், காது இருந்தால் போதும்
என்றான் வெனிஸ்காரன் ஸோர்ஸி.
வேலை ஒன்றும் பெரிதில்லை:
கொத்தளத்துக்கு முப்பது முழம் கீழே
ஒரு முரசை நிறுத்தி
தோலின்மேல் ஏழு பட்டாணி பரப்பி
விளக்கொளியில் பார்த்துக்கொண்டிருப்பது.
பட்டாணி துள்ளினால்
துருக்கியன் தோண்டுகிறான்.
மேலே ஓடிச் சொல்ல வேண்டும்.
நம் ஆட்கள் எதிர்வளை வெட்டி
மருந்தை அடைத்துத் திரி கொளுத்துவார்கள்.
எட்டு மாதம் சொல்லித்தான் வந்தேன்.
எத்தனை பேர் என்று கணக்கு வைக்கவில்லை.

மழைக்காலத்தில் ஒருவன் வந்து சேர்ந்தான்.
மற்றவர்கள் செக்குமாடுபோல் ஒரே சீராய்க் குத்துவார்கள்.
இவன் மூன்று குத்து,
ஒரு மூச்சு,
பிறகு ஒன்று.
நொண்டி படியேறுவதுபோல.
ஏன் செய்தேனோ,
இடுப்புச் சாவியால் பாறையில் தட்டினேன்:
மூன்று. ஒன்று.
அந்தப் பக்கம் சத்தமே இல்லை.
ஏழு பட்டாணியும் என்னையே பார்த்தன.
பிறகு மெல்ல,
கடப்பாரையால் அல்ல, விரல் முட்டியால்,
மூன்று. ஒன்று.

மேலே போய் "எலி" என்றேன்.
அதுவே அவனுக்குப் பெயராயிற்று.

எலி இருமும். எலி தும்மும்.
எலி தோண்டவேண்டிய வேகத்தில் தோண்டவில்லை.
வெயில் திரும்பியபோது
எங்களுக்கிடையே ஒரு சாண் களிமண்.
ஒரு நாள் அதில் விரல் பருமனுக்கு ஓட்டை விழுந்தது.
முதலில் வெங்காய வாசனை வந்தது,
பிறகு ஓர் உலர்ந்த அத்திப்பழம்.
பழம் என்ற ஒன்றைத் தின்று மூன்று வருடம்.
விதைகள் பல்லில் நொறுங்க அழுதுகொண்டே மென்றேன்.
பதிலுக்கு என்னிடம் இருந்தது
பாதி மரத்தூளாய்ப் போன ரொட்டி.
"எங்களுடையதும் இதேதான்" என்றான்
உடைந்த கிரேக்கத்தில்.
போஸ்னியாவில் வெள்ளி வெட்டும் குடும்பமாம். பெஹ்ராம்.
முகம் பார்த்ததில்லை.
இடது சுட்டுவிரலைத் தெரியும்: நகமில்லாதது,
எப்போதும் காய்ச்சல்போல் சுடுவது.
அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்போம்
விளக்கில் எண்ணெய் தீரும்வரை.

ஒரு செவ்வாய்க்கிழமை சொன்னான்:
"வெள்ளிக்கிழமை கீழே வராதே."

வெள்ளிக்கிழமை கொத்தளத்தில் காவல் முறை
அறுபது பேருக்கு.
ரொட்டிக்காரன் மகன்.
பகடையில் எப்போதும் தோற்கும் ஸோர்ஸி.
என் சித்தப்பா, வாயில் ஒரு பல் மிச்சம் உள்ளவர்.

புதன் முழுக்கத் தட்டினேன்.
மூன்று ஒன்று. மூன்று ஒன்று.
முட்டி கிழிந்து ரத்தம் வந்தது.
போய்விடு என்பதற்கு எங்களிடம் வேறு தட்டல் இல்லை.
அவன் காதுக்கு அது
வா என்றும் கேட்டிருக்கும்.
வியாழன் காலை மேலே போய்ச் சொன்னேன்.
மாலையில் திரி கொளுத்தினார்கள்.
வெறுங்காலோடு நின்று
அதைப் பாதத்தில் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு நகரத்தையே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.
மூட்டைகளோடு துறைமுகத்துக்கு இறங்கினோம்.
வழிநெடுக அவர்கள் நின்றார்கள்,
ஒருவரும் கல்லெறியவில்லை.
நான் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்தேன்.
நகமில்லாத விரல்கள்
இத்தனை இருக்கும் என்று நினைக்கவில்லை.

இப்போது ஸாகிந்தோஸ் தீவு.
எண்ணெய் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டேன். நல்லவர்.
இங்கே நிலம் அடிக்கடி நடுங்கும்.
ஊரே பிள்ளைகளை வாரிக்கொண்டு வெளியே ஓடும்,
நான் தரையில் காதை வைப்பேன்.
"அனெஸீனா, எழுந்திரு, பைத்தியமே!"
வாசலில் நின்று கத்துவார்.
அலமாரியில் கிண்ணங்கள் ஆடும்.
கொஞ்சம் இருங்கள்,
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.